கம்யூனிஸ்டுகளும் ஜனநாயகமும்

"கம்யூனிஸ்டுகளுக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை உண்டா?" என்ற கேள்வி நம் தேசத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் விடை தெரிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பதில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கின்றனர். நாம் இக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க விரும்புகிறோம். ஒரு கட்சியின் நெஞ்சத்துக்குள்ளே என்ன நம்பிக்கை இருக்கிறதென்று அளந்து பார்க்க எவரிடமும் கருவி கிடையாது. ஜனங்கள் வாக்களித்து "ஆளுக" என்ற காலத்தில் அக் கட்சி எப்படி ஆண்டது, "போதும், இறங்குக" என்ற காலத்தில் இறங்கிற்றா என்பவையே கண்ணுக்குப் புலனாகும் காரியங்கள். அந்த அளவுகோலை ஏனைய கட்சிகளுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பின் பகுதியைத்தான் தேசியவாதிகளாகிய நம்மவர் வசதியாக மறந்து விடுகின்றனர்.

ஐயத்திற்குக் காரணமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" என்று தேசம் பொங்கி எழுந்தபோது, சோவியத் ரஷ்யா யுத்தத்தில் சிக்கியிருப்பதை உத்தேசித்து அந்த யுத்தத்தை "மக்கள் யுத்தம்" என்றழைத்து, இயக்கத்தை எதிர்த்து நின்றது கம்யூனிஸ்டுக் கட்சி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அதன் மீதிருந்த தடையை அந்நிய சர்க்கார் நீக்கியிருந்தது. சிறை சென்ற தேசபக்தர்கள் இதனை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மறக்க வேண்டுமென்று அவர்களைக் கேட்கவும் எவருக்கும் உரிமை கிடையாது. பின்னர் 1948-இல் கல்கத்தாவில் கூடிய அக் கட்சியின் இரண்டாவது காங்கிரஸ், ஸ்ரீ பி. சி. ஜோஷியை விலக்கி ஸ்ரீ பி. டி. ரணதிவேயைக் காரியதரிசியாக்கிற்று. வந்த சுதந்திரம் பொய்ச் சுதந்திரம் என்றும், ஆயுதக் கிளர்ச்சியே வழி என்றும் தீர்மானமாயிற்று. நிஜாமையும் தேஷ்முக்குகளையும் எதிர்த்து 1946-இல் தோன்றிய தெலுங்கானாப் போராட்டம், நிஜாம் வீழ்ந்த பிறகும் 1951 அக்டோபர் வரை இந்திய ராணுவத்தை எதிர்த்து நடைபெற்றது.

அந்தக் கல்கத்தா மாநாடு கூடிய அதே நாட்களில் ஐரோப்பாவில் நடந்ததையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம். செக்கோஸ்லோவாகியாவில் 1946 மே மாதம் நடைபெற்ற தேர்தலில் கம்யூனிஸ்டுகள் 100-க்கு 38 வாக்குகள் பெற்று மிகப் பெரிய கட்சியாக வந்தனர். அத் தேர்தல் யோக்கியமாகவே நடந்தது. அவர்களுடைய தலைவர் கோட்வால்டு பிரதம மந்திரியானார். 1948 பிப்ரவரியில் போலீஸ் இலாகாவின் பிடியைக் காரணமாகக் காட்டி மற்றக் கட்சி மந்திரிகள் பலர் ராஜினாமாச் செய்ய, அதுவே சமயமென்று அதிகாரம் முழுவதையும் கம்யூனிஸ்டுகள் கைப்பற்றினர். அந்நாட்டு ஜனங்கள் மறுபடியும் ஒரு சுதந்திரமான தேர்தலைக் கண்டது 1990 ஜூன் மாதத்தில். வாக்குப் பெட்டியின் வழியே உள்ளே வந்தவர்கள் பெட்டியையே எடுத்து ஒளித்து விடுவார்கள் என்ற அச்சம் கற்பனையில் பிறந்ததன்று.

நிற்க. அந்த அச்சத்தினால் நம்முடைய சர்க்கார்கள் செய்தவை யாவை? மேற்கு வங்கத்தில் 1948 மார்ச்சிலேயே கட்சி தடை செய்யப்பட்டது. வேறு பிரதேசங்களிலும் தடை விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டனர். குடியரசு பிறந்த 17-ஆம் நாளாகிய 1950 பிப்ரவரி 11-இல் சேலம் மத்திய சிறைக்குள் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் மாண்டனர். பூட்டிய கதவுக்குள் நிராயுதபாணிகளாக இருந்த மனிதர்கள் அவர்கள். அவர்களில் பலர் மலையாள நாட்டுக் குடியானவர்கள். பிரிட்டிஷ் சிறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய தேசியவாதிகள், சுதந்திர நாட்டின் சிறையொன்றில் நடந்த இதனைப் பற்றி எழுதியது மிகவும் சொற்பம்.

அதே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறிற்று. ஸ்ரீ ஏ. கே. கோபாலன் சென்னை ராஜ்யச் சிறையிலிருந்து அச் சட்டத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். 1950 மே மாதத்தில் தோற்றார். ஆனால் அதே மாதத்தில் மற்றொரு வழக்கு வேறு விதமாக முடிந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த "கிராஸ் ரோட்ஸ்" என்னும் இடதுசாரி வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்திற்குள் நுழையலாகாதென்று சென்னை சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. அதன் ஆசிரியர் ஸ்ரீ ரமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், பத்திரிகை பரவுவதற்குள்ள சுதந்திரம் பேச்சுச் சுதந்திரத்தின் பகுதியே என்று கோர்ட்டார் தீர்ப்பளித்து, உத்தரவை ரத்துச் செய்தனர். இன்று இந்தியாவில் பத்திரிகை நடத்தும் எவரும், அவர் எக் கட்சியை ஆதரிப்பவராயினும், அத் தீர்ப்பின் நிழலில் நிற்கிறார். ஜனநாயகத்தில் நம்பிக்கையற்றவர்கள் என்று நாம் சொல்லி வந்தவர்களின் பக்கத்திலிருந்து வந்த வழக்கே நமக்கு இந்த நன்மையைச் செய்தது. சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1951-இல் அரசியல் சட்டத்தின் முதலாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, "பொது ஒழுங்கு" என்ற காரணத்தைக் காட்டியும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று செய்து கொண்டது.

தடுப்புக் காவல் சட்டம் 1969-இன் முடிவில் காலாவதியாயிற்று. 1971-இல் அதன் தம்பி "மிஸா" என்ற பெயரில் பிறந்தது. 1975 ஜூனில் அச் சட்டம் ஸ்ரீ ஜெயப்பிரகாஷ் நாராயணரையும் ஸ்ரீ மொரார்ஜி தேசாயையும் சிறைக்குள் தள்ளிற்று. கம்யூனிஸ்டுகளுக்கென்று 1950-இல் வடித்த விலங்கு யாருடைய கைகளுக்கெல்லாம் பொருந்தும் என்பதை அன்றைக்கு எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

இவ்வளவுக்கும் பிறகு, 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் அக் கட்சி நின்றது. இதனை நாம் சாதாரணக் காரியமாகக் கருதவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. தலைவர்கள் பலர் சிறையில். மதுரை வடக்குத் தொகுதியில் ஸ்ரீ பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். தலைமறைவாகத் திரிந்த தெலுங்கானாவின் ஸ்ரீ ரவி நாராயண ரெட்டி நல்கொண்டாவில் நின்று, பண்டித நேருவைக் காட்டிலும் அதிக வாக்குகள் பெற்றுப் பார்லிமெண்டுக்குச் சென்றார். கல்கத்தாத் தீர்மானம் எதுவாயினும், குடியானவன் இட்ட வாக்கு கட்சியை ஒரே இழுப்பில் சபைக்குள் கொணர்ந்து உட்கார்த்தி விட்டது.

சென்னைச் சட்டசபையில் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. பெரும்பான்மை எவருக்கும் இல்லை. அப்போது எந்தத் தொகுதியிலும் நிற்காத ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரை மேல்சபைக்கு நியமனஞ் செய்து, கவர்னர் அவரை முதல் மந்திரியாக்கினார். அவரும் கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரிகளென்று பகிரங்கமாக அறிவித்தார். ராஜாஜியின் திறமையிலும் நேர்மையிலும் நமக்குக் குறைவான மதிப்பில்லை. ஆயினும் ஜனங்களிடம் வாக்குக் கேளாதவர், வாக்குக் கேட்டு வென்று வந்தவர்களை ஜனநாயகத்தின் பகைவர்கள் என்று சொன்ன விந்தையை எப்படித்தான் விளக்குவது?

அடுத்தது கேரளம். நம் கேள்விக்கு உண்மையான விடை கிடைத்திருக்க வேண்டிய இடம் அதுவே. 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 ஸ்தானங்களில் 60-ஐக் கம்யூனிஸ்டுகள் வென்று, சுயேச்சைகள் ஐவரின் ஆதரவோடு ஏப்ரல் 5-இல் ஸ்ரீ இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் மந்திரி சபை அமைத்தனர். பதவியேற்ற ஒரு வாரத்திற்குள் குடிவாரதாரரை நிலத்திலிருந்து வெளியேற்றுவதை நிறுத்தி அவசரச் சட்டம் பிறப்பித்தனர். தனியார் பள்ளிகளில் ஆசிரியர் நியமனத்தையும் சம்பளத்தையும் ஒழுங்கு செய்யக் கல்வி மசோதா கொண்டுவந்தனர். ஜனாதிபதி அம் மசோதாவைச் சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயத்திற்கு அனுப்பினார். கோர்ட்டார் சில பிரிவுகளை ஆட்சேபித்தனர். மந்திரி சபை திருத்திக் கொண்டது. புரட்சிக்காரர் கோர்ட்டின் அபிப்பிராயத்துக்கு இணங்கி மசோதாவைத் திருத்துவது புதிய காட்சியே. 1958-இல் அமிர்தசரஸில் கூடிய கட்சிக் காங்கிரஸ், சமாதான முறையிலேயே சோஷலிஸத்தை அடைய முயல்வதெனத் தன் சட்டதிட்டத்தில் எழுதிக் கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் பேசிய பேச்சுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளந்தால், நடுவில் நிற்பது வாக்குப் பெட்டி என்று தெரியும்.

அந்த மந்திரி சபையிடம் குற்றமே இல்லையென்பதல்ல. கட்சிக் கிளைகள் போலீஸ் நிலையத்திலும் தாலுக்காக் கச்சேரியிலும் தலையிட்டன என்ற புகார் பரவலாக இருந்தது. அதனை எதிர்க்கட்சிப் புரளி என்று ஒதுக்க நாம் தயாராயில்லை. 1959 ஜூனில் கிறிஸ்தவ சபைகளும், ஸ்ரீ மன்னத்து பத்மநாபனின் தலைமையில் நாயர் ஸமாஜமும், முஸ்லிம் லீக்கும், காங்கிரஸும், பிரஜா சோஷலிஸ்டுகளும் ஒன்று கூடி "விமோசன சமரம்" தொடங்கினர். ஜூன் 13-இல் அங்கமாலியில் போலீஸார் சுட்டதில் எழுவர் இறந்தனர். தொழிலாளிகள் மீது துப்பாக்கி பிரயோகிப்பதைக் காலமெல்லாம் கண்டித்து வந்த கட்சியின் சர்க்கார் அது.

ஆயினும், ஒரு சர்க்கார் கெட்டதாயிருந்தால் அதற்கு ஜனநாயகம் வைத்திருக்கும் மருந்து தேர்தலே. சட்டசபையில் பெரும்பான்மை குலையாதிருந்த மந்திரி சபையை, 1959 ஜூலை 31-இல், அரசியல் சட்டத்தின் 356-ஆவது ஷரத்தைப் பிரயோகித்து மத்திய சர்க்கார் நீக்கிற்று. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் ஸ்ரீமதி இந்திரா காந்தி. பிரதம மந்திரி, ஜனநாயகத்தைப் பற்றி உலகிற்கே போதித்து வந்த பண்டித நேரு. சட்டசபையில் நிறைவேறியிருந்த நிலச் சீர்திருத்த மசோதா ஜனாதிபதியின் சம்மதத்துக்குக் காத்திருக்கையிலேயே அதனை இயற்றியவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1960 பிப்ரவரித் தேர்தலில் எதிர்க்கட்சிகள் கூட்டாக நின்று வென்றன. கம்யூனிஸ்டுகளுக்கு 30-க்கும் குறைவான ஸ்தானங்களே கிடைத்தன. ஆனால் அவர்கள் பெற்ற வாக்குகளோ 100-க்கு 35-லிருந்து 39-ஆக உயர்ந்தன. தேர்தலில் அவர்களைத் தோற்கடிக்க முடியுமென்று இதனால் விளங்கிற்று. அப்படியானால் 1962 வரை பொறுத்திருந்தால் என்ன?

அந்தப் பொறுமையின்மையால் விளைந்த நஷ்டம் கம்யூனிஸ்டுகளுக்கு மட்டுமன்று. காலம் முடிந்து, தேர்தலில் தோற்று, கம்யூனிஸ்டு மந்திரி சபை ஒன்று தானே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குமா என்பதைத் தேசம் அறிந்துகொள்ளும் வாய்ப்பையே டில்லி பறித்து விட்டது. பிராகாவில் நடந்தது திருவனந்தபுரத்தில் நடக்குமா, நடவாதா என்ற சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. பெரும்பான்மையுள்ள சர்க்காரையும் கலகத்தைக் காட்டிக் கலைக்கலாம் என்ற பாடத்தை மத்தியில் ஆண்டோர் நன்றாகக் கற்றுக் கொண்டனர். 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டின் தி. மு. கழக மந்திரி சபை அந்த ஷரத்தாலேயே வீழ்ந்தது. 1977-இல் ஜனதா சர்க்கார் ஒன்பது ராஜ்யங்களில் சட்டசபைகளைக் கலைத்தது. 1980-இல் திரும்பி வந்த காங்கிரஸ் ஒன்பதில் கலைத்துக் கணக்குத் தீர்த்துக் கொண்டது. பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சபையிலேயே சோதிக்க வேண்டுமென்று பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 1994-இல் கூறிய பின்னரே இந்த வியாதி தணிந்தது.

நிறுத்தப்பட்ட அந்தச் சோதனை, பல ஆண்டுகள் கழித்து வேறு இடங்களில் நடந்தது. 1988-இல் திரிபுராவில் மார்க்ஸிஸ்டுகள் தேர்தலில் தோற்றனர், இறங்கினர். 1991-இல் கேரளத்தில் ஸ்ரீ நாயனார் சர்க்கார் தோற்றது, இறங்கியது. மேற்கு வங்கத்தில் 1977 முதல் 34 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டவர்கள், 2011 மே 13-இல் வாக்கு எண்ணப்பட்டு, 294-இல் 62 ஸ்தானங்களே தமக்கு என்று கண்டனர்; முதல் மந்திரி ஸ்ரீ புத்ததேவ் பட்டாசார்யா தம் ஜாதவ்பூர்த் தொகுதியிலேயே தோற்று, அன்றே ராஜினாமாவைக் கொடுத்தார். போலீஸ் கையிலிருந்தது, கிராமந்தோறும் ஆட்கள் இருந்தனர், 34 ஆண்டுப் பழக்கமும் இருந்தது. இருந்தும் ஒரு பெட்டியும் ஒளிக்கப்படவில்லை. 2018-இல் திரிபுராவில் ஸ்ரீ மாணிக் சர்க்கார் அவ்வாறே விலகினார். அடுத்த சில நாட்களில் பெலோனியாவில் லெனின் சிலையை இயந்திரம் வைத்துத் தள்ளியவர்கள் தோற்றவர்களல்லர். செக்கோஸ்லோவாகியாவைக் காட்டி நம்மை எச்சரித்தவர்கள் இந்தத் தேதிகளையும் குறித்துக் கொள்ளலாம்.

நெருக்கடி நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1964-இல் இரண்டாகப் பிரிந்த கட்சியின் ஒரு பகுதி, 1975-இல் ஜனநாயகம் பறிபோனபோது அதனை ஆதரித்தது. மற்றொரு பகுதியாகிய மார்க்ஸிஸ்டுக் கட்சி எதிர்த்தது. தடுப்புக் காவலில் வருஷக்கணக்காக இருந்த அதே கோபாலன் பார்லிமெண்டில் எழுந்து நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பேசினார். மறுபுறத்தில், முதல் மந்திரி பதவியை இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியும் போலீஸ் இலாகாவைக் காங்கிரஸும் வைத்திருந்த கேரளத்தில், கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் ஒருவர் 1976-இல் கக்கயம் போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. தாங்கள் நெருக்கடி நிலையை ஆதரித்தது தவறென்று அக் கட்சி 1978-இல் பட்டிண்டாவில் தீர்மானித்தது. காலங் கடந்த ஒப்புதல்தான். ஆனாலும் 1959-ஐப் பற்றி அதற்கு நிகரான ஒரு தீர்மானத்துக்காக நாம் காத்துக் கொண்டுதான் இருக்கிறோம்.

இவ்வளவும் சொன்னதால், கம்யூனிஸ்டுகளிடம் கேட்க ஒன்றுமே மிச்சமில்லை என்று எவரும் கருத வேண்டாம். மிச்சம் இருப்பது சட்டசபைக்கு வெளியே. வங்கத்து இடதுசாரி சர்க்கார் 1978-இல் மூன்றடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்திற்று. "ஆபரேஷன் பர்கா" வழியாக லட்சக்கணக்கான பங்குச் சாகுபடியாளரின் பெயரைப் பதிவு செய்து, அவர்களை நிலத்திலிருந்து விரட்ட முடியாதபடி செய்தது. காங்கிரஸ் ஆண்ட ராஜ்யங்கள் பல காகிதத்தோடு விட்டு விட்டதை அவர்கள் வயலில் செய்து காட்டினர். அதே கிராமங்களில்தான், வருஷங்கள் செல்லச் செல்ல, பஞ்சாயத்துக்கும் கட்சிக் காரியாலயத்துக்கும் வேற்றுமை தெரியாமற் போயிற்று. நிலத் தகராறும் குடும்பத் தகராறும் கட்சி ஆபீஸில் தீர்ந்தன. எதிர்க்கட்சியார் வேட்புமனுப் போடவே அஞ்சிய பஞ்சாயத்துகள் 2003-இல் எத்தனையோ இருந்தன. 2007 மார்ச் 14-இல் நந்திகிராமத்தில் நிலத்தைக் கொடுக்க மறுத்துத் திரண்ட ஜனங்கள் மீது போலீஸார் சுட்டு 14 பேர் இறந்தபோது, குடியானவர் கட்சி குடியானவரை விட்டு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது அக் கட்சிக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த வித்தையை அடுத்து வந்த திரிணாமுல் சர்க்கார் குருவையும் மிஞ்சிப் பயின்றது. 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களுக்குப் போட்டியே இல்லை.

கட்சியின் உள்ளே நடப்பதைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. "ஜனநாயக மத்தியத்துவம்" என்று அவர்கள் சொல்லும் முறைப்படி, முடிவுக்கு முன் விவாதிக்கலாம். முடிவான பின் எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும். ஏனைய கட்சிகளுக்கு இதனைப் பரிகசிக்கும் யோக்கியதை இல்லை. மார்க்ஸிஸ்டுக் கட்சி மூன்றாண்டுக்கு ஒருமுறை காங்கிரஸ் கூட்டி, நகல் தீர்மானத்தை முன்கூட்டியே அச்சிட்டு, அங்கத்தினரிடம் திருத்தங் கேட்கிறது. ஒரு குடும்பத்தின் கூடத்தில் தலைவர் தேர்தல் நடத்தும் கட்சிகள் அதில் பாதியைச் செய்யட்டும். 1996-இல் ஸ்ரீ ஜோதி பாசுவுக்குப் பிரதம மந்திரிப் பதவி தேடி வந்தபோது, வேண்டாமென்று மத்தியக் கமிட்டி முடிவு செய்தது, அவரும் பணிந்தார். பிற்பாடு அதனைச் சரித்திரப் பிழை என்று அவர் சொன்னது வேறு விஷயம்.

ஆனால் கட்சியின் கட்டளையும் ஜனங்கள் தந்த ஸ்தானமும் மோதினால் எது பெரிது? இக் கேள்வி 2008 ஜூலையில் வந்தது. அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து மார்க்ஸிஸ்டுகள் மன்மோகன் சிங் சர்க்காருக்குத் தந்த ஆதரவை விலக்கிக் கொண்டனர். லோக் சபையின் சபாநாயகராக 2004-இல் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஸ்ரீ ஸோம்நாத் சாட்டர்ஜியின் பெயரும், ஆதரவை விலக்கும் அங்கத்தினர் ஜாபிதாவில் கட்சியால் சேர்க்கப்பட்டது. அவர் பதவியை விட்டிறங்கி எதிர்த்து வாக்களிக்க வேண்டுமென்று கட்சி விரும்பிற்று. சபாநாயகர் எக் கட்சியையும் சேர்ந்தவரல்லர் என்று கூறி அவர் மறுத்தார். ஜூலை 22-இல் நம்பிக்கை வாக்கெடுப்பைத் தாமே நடத்தி முடித்தார். மறுநாள் கட்சி அவரை நீக்கிற்று. நாற்பதாண்டுக் காலம் அக் கட்சியோடு இருந்தவர். பத்து முறை லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். போல்பூர் வாக்காளர் அனுப்பிய மனிதரை, சபை முழுவதும் ஒருமித்து உட்கார வைத்த ஆசனத்திலிருந்து ஒரு கமிட்டி எழுந்துவரச் சொல்லலாமா என்பதற்கு அக் கட்சி இன்றளவும் நேரான பதில் சொல்லவில்லை. 2018 ஆகஸ்டில் அவர் காலமான போதும் அந்த நீக்க உத்தரவு அப்படியே நின்றது.